சோதிக்க வேண்டியது சந்திப்பை

55 வயதைத் தாண்டியவர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். நியாயமான விதிதான். ஆனால், அவர்கள் கடக்க வேண்டிய சாலைச் சந்திப்புக்கு இப்படியொரு சோதனை உண்டா?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். அங்கேயும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் உழைத்து, பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டிய தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பென்ஷன் விஷயமாக வங்கிக்கோ, சர்க்கரைக்கு மாத்திரை வாங்கவோ ஸ்கூட்டரில் கிளம்பினால் சி.டி.எச். சாலையில், அதாவது சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையில், இறங்காமல் முடியாது.

நெரிசல் என்றதும் சென்னைப் போக்குவரத்து போலீசார் எடுக்கும் கைமருந்து, வலப்பக்கத் திருப்பத்தைத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டு யு டர்ன் விடுவது. சிக்னலில் காத்திருப்பது குறைகிறது, உண்மை. ஆனால் திரும்பும் இடத்தில் ஒரு பெரியவரைக் கவனியுங்கள். ஒரு கால் தரையில். ஹெல்மெட்டுக்குள் திரும்ப மறுக்கும் கழுத்து. எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் வேகத்தைக் கணித்து, கிடைக்கிற சின்ன இடைவெளியில் நுழைந்தாக வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடுவதில்லை. வயதானவர்களுக்கு மிகக் கடினமான கணக்கை, சிக்னலிடமிருந்து பிடுங்கி அவர்கள் தலையிலேயே கட்டியிருக்கிறோம்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது. வண்ணம் உரிந்த சென்டர் மீடியன் முனை அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"வயசானா வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்பவர்கள், பேருந்துப் படிக்கட்டின் உயரத்தையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை, முதிய ஓட்டுநர்களுக்காகவே சாலை வடிவமைப்புக் கையேடு ஒன்றை 1998-லேயே வெளியிட்டது. எதிர் வாகனங்களை நிறுத்திவிட்டுத் திரும்ப விடும் தனி அம்புக்குறி சிக்னல், தொலைவிலேயே படிக்கக்கூடிய பெரிய எழுத்துப் பலகை என்று அது சொல்பவை எதுவும் நம்மால் முடியாதவை அல்ல. பாடி முதல் திருநின்றவூர் வரை சாலையை அகலப்படுத்தும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. ஆனால் இந்த மாற்றங்களுக்கு நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. நெடுஞ்சாலைத் துறையும் ஆவடி காவல் ஆணையரகமும் இந்தச் சாலையின் ஆவடி செக்போஸ்ட் சந்திப்பில் தொடங்கலாம். வலப்பக்கம் திரும்ப தனிப் பச்சை, மீடியன் முனையில் ஒளிரும் பட்டை, யு டர்ன் தவிர்க்க முடியாத இடங்களில் ஒதுங்கி நிற்கத் தனித் தடம். பெயர்ப்பலகையை மறைக்கும் பேனர்களை அகற்ற டெண்டர்கூட வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.