பொன்னேர் பூட்டும் காலை

இளவேனிலின் தொடக்கமாகிய சித்திரைத் திங்களில் பொன்னேர் பூட்டும் வழக்கம் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. ஊரார் ஒரு நிலத்தில் கூடி, ஆண்டின் முதல் உழவைச் சேர்ந்தே தொடங்குவர். அத்தகைய சிறு கூட்டமொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று.

மாடு பூட்டிய ஏர்கள் மூன்றே, எஞ்சியவை டிராக்டர்கள். ஆயினும், மாடுகளை விற்றுவிட்டு ஒதுங்கி நின்ற முதியவர் ஒருவரை அயல்வீட்டார் அழைத்துத் தம் மேழியைப் பிடிக்கச் செய்தனர். சிலப்பதிகார நாடுகாண் காதையில் வரும் ஏர்மங்கலத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் நாம், எவரையும் விடாது சேர்த்துக்கொள்வதே மங்கலம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

கருவி மாறலாம், கூடி நிற்கும் பண்பு மறையலாகாது. மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது இத்தகைய கூட்டங்களில் நீங்களும் ஒருவராய் நில்லுங்கள். அயலாரை அறியாத கல்வி ஏட்டுச் சுரைக்காயே அன்றோ!