காய்ச்சல் தணிந்த பின்

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில் நாம் கேட்க நேர்ந்த முறையீடு இது: “சுவாமி, மருத்துவமனையிலிருந்து வந்து 2 மாதமாகிறது. இன்னும் படுத்தே கிடக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.”

பையனுக்கு வந்தது வைரஸால் உண்டாகும் மூளையுறை அழற்சி. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வுகள் அழன்று வீங்கும் நோய். பாக்டீரியாவால் வருவதைப்போல் அத்துணைக் கொடியதன்று. பெரும்பாலோர்க்கு 7 முதல் 10 நாள்களில் தணிந்துவிடும். மருத்துவர் ஆறுதலாகக் கூறும் இச்சொல்லே பின்னர் நோயாளிக்கு எதிர்ச்சாட்சியாகிவிடுகிறது!

ஏனெனில், சிலருக்குத் தலைவலியும் அயர்வும் வாரக்கணக்கில், மாதக்கணக்கிலும் நீடிப்பதுண்டு. படித்த வரி மனத்தில் நில்லாது. வெளிச்சமும் இரைச்சலும் வதைக்கும். அற்பக் காரியத்துக்கும் சினம் மூளும். இன்று ஓடியாடியவன் நாளை துவண்டு கிடப்பான். நடிக்கிறான் என்று வீட்டார் முடிவுகட்டுவது இங்கேதான். பரிசோதனையில் குறை ஏதும் தென்படாதிருக்கலாம். அதனால் அவன் படும் பாடு பொய்யாகிவிடாது.

புத்தி சொல்ல அழைத்த அன்னைக்கே நாம் சிலவற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. மீண்டும் காய்ச்சலோ, கழுத்து விறைப்போ, வலிப்போ, செவி மந்தமோ கண்டால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மற்றபடி, நண்பகல் உறக்கத்தைப் பழிக்காதீர்கள். பள்ளிக்கு முதலில் அரைநாள் அனுப்புங்கள். வீட்டுப்பாடத்தைச் சில வாரம் குறைத்துத் தருமாறு ஆசிரியரிடம் நாமே பேசுகிறோம்.