பத்திரிகை பளபளக்குது... ஆள் எப்படி வந்து சேருவது?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அச்சகக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, சங்கக் கூட்டம் என்று பத்திரிகைகள் பறக்கும்.

காகிதம் பளபளக்கிறது. பிள்ளையார் தங்க நிறத்தில் ஜொலிக்கிறார். தாத்தா முதல் தாய்மாமன் வரை எல்லார் பெயரும் வரிசையாக இருக்கிறது.

ஆனால் வருகிறவர் எங்கே இறங்க வேண்டும்? அது மட்டும் இல்லை!

எந்தக் கடலூர்?

"கல்யாணம் கடலூரில்" என்று போட்டால் போதுமா? மஞ்சக்குப்பமும் கடலூர்தான். திருப்பாதிரிப்புலியூரும் கடலூர்தான். முதுநகரும் கடலூர்தான்.

ரயில் நிலையமும் ஒன்றல்ல. திருப்பாதிரிப்புலியூர் ஒன்று. முதுநகரில் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பு இன்னொன்று. விருத்தாசலம், நெய்வேலி வழியாக வரும் ரயில் பாதை துறைமுகம் சந்திப்பில்தான் வந்து சேருகிறது.

பெயரில் "கடலூர்" இருக்கிறதே என்று விருத்தாசலத்து அத்தை அங்கேயே இறங்கிவிடுவார். மண்டபமோ மஞ்சக்குப்பத்தில்! ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு அவர் வந்து சேருவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

"மஞ்சக்குப்பம், இறங்க வேண்டிய ஸ்டேஷன் திருப்பாதிரிப்புலியூர்" என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்த அலைச்சல் உண்டா?

தேர் ஓடும் நாள்

சிதம்பரத்தில் வேறு கதை. கோயிலைச் சுற்றி கீழவீதி, மேலவீதி, தெற்குவீதி, வடக்குவீதி என்று நான்கு வீதிகள். "கோயில் அருகில்" என்றால் நான்கில் எது? வெளியூர்க்காரர் நான்கையும் சுற்றி வந்தால் புண்ணியம் கிடைக்கும். பந்தியில் இடம் கிடைக்காது!

ஆனியில் முகூர்த்தமும் உண்டு, ஆனித் திருமஞ்சனமும் உண்டு. தரிசனத்துக்கு முதல் நாள் தேரோட்டம். அன்று அந்த வீதிகளில் தேர் போகும், கார் போகாது. மண்டபம் பிடிக்கும்போதே இது தெரிந்த விஷயம்தானே? "அன்று தேரோட்டம், வண்டியை இன்ன இடத்தில் நிறுத்தவும்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

முதல் நாளா, மறுநாளா?

முகூர்த்தத் தேதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதல் நாள் மாலை வரவேற்பு, மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஆபீஸ் முடிந்து வருகிற குமாஸ்தா முகூர்த்த நாள் சாயந்திரம் பரிசுப் பொருளோடு போய் நிற்பார். அங்கே மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டு இருப்பார்கள்!

விசாரிக்க ஒரு போன் நம்பர் போடுகிறார்கள். யாருடையது? பெண்ணின் அப்பாவுடையது! மணமேடையில் உட்கார்ந்திருப்பவர் போன் எடுப்பாரா? சும்மா இருக்கும் ஒரு மச்சான் நம்பரைப் போடுங்கள்.

கூட்டத்துக்கும் இதேதான்

கம்பெனிகளின் பொதுக்குழுவுக்கு 21 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் பொது விதி. இடம், தேதி, கிழமை, நேரம், பேசப்போகும் விஷயம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நம்ம தெரு சங்கம் கம்பெனி அல்ல. இருந்தாலும் நல்ல முறையைப் பின்பற்றுவதில் தப்பு இல்லையே!

"முக்கிய விஷயம் பற்றிப் பேசப்படும், அனைவரும் வருக" என்று முதல் நாள் ராத்திரி ஒரு துண்டுச் சீட்டு வரும். என்ன விஷயம்? சந்தா உயர்வு! பாதிப் பேர் வரமாட்டார்கள். தீர்மானம் நிறைவேறிவிடும். வராதவர் தலையிலும் அது விழும். விஷயத்தை மறைத்த அழைப்பு அழைப்பே அல்ல, அது கண்துடைப்பு.

முடியும் நேரமும் போட வேண்டும். கடலூர் மாவட்டத் தலைநகர். சிதம்பரத்திலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று இருபது பெயர் போட இடம் இருக்கிறது. "இரவு 8 மணிக்கு முடியும்" என்று போட இடம் இல்லையா? அவர்கள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டாமா?

ஒரு சின்னப் பரீட்சை

இப்போது வாட்ஸ்அப்பிலும் பத்திரிகை வருகிறது. மேப் அனுப்புங்கள், நல்லது. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு மேப் எதற்கு? அவருக்கு அச்சில் உள்ள வரிதான் வழிகாட்டி.

அச்சுக்குப் போகும் முன்பு, ஊர் தெரியாத ஒருவரிடம் புரூபைக் கொடுங்கள். "இதை வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் வந்துவிடுவீங்களா?" என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் திருத்துங்கள்.

"வருக வருக" என்றால் மட்டும் போதாது, வர வழி சொல்ல வேண்டும். வழி தெரியாமல் திரும்பிப் போனவர் "என்னை அழைத்தார்கள்" என்று சொல்லமாட்டார். "கடமைக்குப் பத்திரிகை வைத்தார்கள்" என்றுதான் சொல்வார்!