மருந்துக் கடையா, மயக்கக் கடையா?

நோயுற்றோரின் வேதனையைத் தணிக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். பிள்ளைகள் நடமாடும் தெருவில் போதைப்பொருள் விற்கும் கடை கூடாது என்பதையும் மறுப்பார் எவருமிலர். இவ்விரு நன்மைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் நிலை வருமாயின், ஊரை ஆள்வோர் எப்பக்கம் சாய்வது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து நகரமன்றங்கள் இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடி வந்துள்ளன. அவ்வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

1996 நவம்பரில் அம்மாநில மக்கள் வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சாவைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். ஆயின் அதை எவர் விற்பது, எங்கே விற்பது, எவர் மேற்பார்வையில் விற்பது என்பன பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளுக்கு அடையாள அட்டை வழங்கவும், அவர்கள் கூட்டாகப் பயிரிடவும் வழி செய்தது. அக்கூட்டுக் கழகங்களே நாளடைவில் தெருக்கடைகளாக உருவெடுத்தன.

நடுவணரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டமோ கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. எனவே மருத்துவர் அதைப் பரிந்துரைக்கலாமே தவிர, மருந்துச் சீட்டு எழுத இயலாது. வழக்கமான மருந்துக் கடைகளும் அதை விற்க இயலாது. வங்கிகள் இவ்வணிகத்தை ஏற்கத் தயங்கியதால், கடைகளில் ரொக்கப் பணம் குவிந்தது. அதனோடு கொள்ளையர் அச்சமும் வந்தது. அண்டை வீட்டாரின் அச்சம் வெறும் கற்பனையன்று.

லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் நடந்தது நம் கருத்திற்குரியது. 2007-இல் மாநகர மன்றம் புதிய கடைகளை நிறுத்தி வைத்தது. ஆனால் இன்னலுற்றோர்க்கு விலக்கு உண்டு என்று அதே ஆணையில் ஒரு வாசலைத் திறந்து விட்டதால், அவ்வழியே நூற்றுக்கணக்கான கடைகள் முளைத்தன. 2010-இல் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினர், வழக்குகள் குவிந்தன. 2012 சூலையில் ஒருமனதாக முழுத்தடை விதித்தனர். எதிர்ப்பாளர் கையொப்பம் திரட்டவே, அக்டோபரில் அத்தடையைத் தாமே நீக்கினர். புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த மன்ற உறுப்பினர் பில் ரோசெண்டால், தாமும் இம்மருந்தைப் பயன்படுத்துவதாக வெளிப்படையாகக் கூறியது அவ்வாண்டில்தான். இறுதியில் 2013 மேயில் மக்கள் வாக்களித்து, பழைய கடைகளில் ஏறக்குறைய 135 மட்டும் நீடிக்க இசைந்தனர். அதே மாதத்தில், ரிவர்சைடு நகரத்து வழக்கில், நிலப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு இக்கடைகளை அறவே தடுக்க நகரங்களுக்கு உரிமை உண்டென மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கஞ்சாவில் மருந்துப் பயன் அறவே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கென, அதன் மயக்கப் பொருளைச் செயற்கையாக ஆக்கிய மாத்திரை 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கென, அச்செடியிலிருந்து எடுத்த மருந்து 2018-இல் அனுமதி பெற்றது. ஆனால் இவை அளவும் ஆய்வும் உடைய மருந்துகள். வீரியம் அறியாத இலையை, எந்நோய்க்கும் மருந்தென்று விற்பது வேறு. இவ்வேறுபாட்டை மறைப்பவர் நோயாளிக்கும் நண்பரல்லர், ஊருக்கும் நண்பரல்லர்.

இனி, தடை விதித்த ஊரின் நிலை யாது? கடை மறைந்தது; நோய் மறையவில்லை. வலுவுள்ளவன் அடுத்த ஊருக்கு வண்டியேறிச் செல்வான். படுக்கையில் கிடப்பவன் என் செய்வான்? தடையின் முழுச்சுமையும் மிக மெலிந்தவன் தோளிலேயே விழுகிறது. கட்டுப்பாடின்றி விட்ட ஊரிலோ, சுமை பிள்ளைகளைப் பெற்றோரின் தோளில் விழுகிறது.

நடுவழி இல்லாமற் போகவில்லை. பள்ளிகளிலிருந்து 600 அடிக்குள் இக்கடைகள் கூடாதென 2010-இல் மாநிலச் சட்டம் வந்தது. 2016-இல் நோயில்லாத பெரியோர்க்கும் கஞ்சாவை மக்கள் வாக்கு அனுமதித்தபோதும், கடைகளைத் தடுக்கும் உரிமை நகரங்களிடமே விடப்பட்டது. 2022-இல் இயற்றப்பெற்று 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, நோயாளியின் இல்லத்திற்கே மருந்துக் கஞ்சாவைக் கொண்டு சேர்ப்பதை எந்நகரமும் தடுக்கலாகாது என்றது. தெருவில் கடை வேண்டாம் என்னும் ஊரின் விருப்பமும் நின்றது. படுக்கையில் கிடப்பவனின் தேவையும் நிறைவேறிற்று.

இவ்வெளிய வழியைக் காண 27 ஆண்டுகள் ஆயின என்பதே நம்மை வருத்துகிறது. முதல் நாளிலேயே, 'கடை வேண்டுமா, வேண்டாமா?' என்று வாதிடுவதை விடுத்து, 'நோயாளி எவன், அவனுக்குத் தேவை என்ன, அதை அண்டை வீட்டாருக்குத் தீங்கின்றி எவ்வாறு சேர்ப்பது?' என்று வினவியிருப்பின், வழக்கும் வாக்கெடுப்பும் பெரும்பாலும் தேவைப்பட்டிரா. ஊர்ப் பொறுப்பை ஏற்போர் எந்நாட்டவராயினும், விதி எழுதுமுன் அவ்விதியால் நலிவுறப் போகிறவனின் முகத்தை ஒருமுறை நோக்குவாராக.