அட்வான்ஸ் கட்டிவிட்டு ஏன் சித்தம் கேட்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்து, கோபத்தைக் குறைத்துவிட்டுப் போடுகிறேன். முழுசாகக் குறையவில்லை.

போன வாரம் என் அக்காள் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. நல்ல மார்க்தான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து முடித்ததும், அவன் அப்பா அலமாரியிலிருந்து வாக்குத்தத்த அட்டைப் பெட்டியை எடுத்தான். "கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடுல. முதல் குரூப்பா, பாலிடெக்னிக்கா, ஆண்டவரே சொல்லட்டும்" என்றான். பையன் எடுத்தான். எரேமியா 29:11. நம் வீடுகளில் பாதிச் சுவர்களில் தொங்குமே, அந்த வசனம்தான். "பாத்தியா, நல்ல எதிர்காலம்னு வந்துட்டு. டாக்டர்தான்" என்றான் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். பையன் அந்த அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் உயிரியல் குரூப்புக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று. ரசீது அந்த அட்டைப் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது.

"அப்புறம் எதுக்குல அவன அட்டை எடுக்கச் சொன்ன?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி, அவனுக்கும் ஒரு சமாதானம் வேணும்லா."

இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பெற்றவர்கள் பிள்ளைக்காக முடிவெடுப்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. "எனக்கு நீ டாக்டராகணும்னு ஆசை, அதனால இந்தக் குரூப்" என்று நேராகச் சொல்லட்டும். பையன் அழுவான், கத்துவான், ஒருவேளை ஒத்துக்கொள்வான். அது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் உள்ள வழக்கு. அதில் கர்த்தரை இழுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிள்ளை யாரிடம் போய் வழக்காடும்? இந்த வீட்டில் நடந்தது இந்த வீட்டில் மட்டும் நடக்கிறதா? மே, ஜூன் மாதங்களில் நம் சேகரங்களில் எத்தனை வீட்டில் இதே பெட்டி திறக்கிறது என்று உங்களுக்கே தெரியும். (அக்காள் மகனிடமும் பேரனிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, பேரு மட்டும் போடாதீங்க" என்றான் பெரியவன். சின்னவன், "பேரு போட்டாலும் பரவாயில்ல ஆச்சி" என்றான்.)

கல்லெறிகிற யோக்கியதை எனக்கு இல்லை. நானே இதைச் செய்திருக்கிறேன். 1990-களின் நடுவில், என்னிடம் பள்ளிக்கூடத்திலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் படித்த ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. காமர்ஸ் படித்து பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவுக்கோ அவள் நர்ஸ் ஆக வேண்டும். இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க" என்றாள் அம்மா. நானும் பெரிய தீர்க்கதரிசி மாதிரி முழங்கால் போட்டு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்தேன். நல்ல சமாரியன் உவமை வந்தது. காயம் கட்டுவது, எண்ணெய் வார்ப்பது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? "நர்ஸிங்தான் தேவசித்தம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த உவமையிலேயே ஒரு சத்திரக்காரன் இருக்கிறான், அவன் கையில் கொடுத்த இரண்டு காசு இருக்கிறது, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற கணக்கும் இருக்கிறது. காமர்ஸுக்கும் அதே பக்கத்தில் இடம் இருந்தது! இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

அவள் நர்ஸிங்கில் இரண்டாம் வருஷம் தாண்டவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு அசன விழாப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது இது: "படிப்பு போனது போகட்டும் டீச்சர். ஆண்டவரே புடிச்சு என்னை அங்க போட்டுட்டாருன்னு நெனச்சேன்லா. அதுலேருந்து அவருட்ட எதுவும் கேக்கத் தோணல." கோயிலுக்கு வருகிறாள், காணிக்கை போடுகிறாள். கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். என்னால் விட்டாள். படிப்பை மாற்றிக்கொள்ளலாம். இதை எப்படி மாற்றுவது?

சரி, அந்த எரேமியா வசனத்துக்கு வருகிறேன். அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிக்க முடியும். வேதத்தில் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். கேட்க இனிப்பாக இருந்தது. எரேமியா எழுதியதோ எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று. நம் அட்டை வசனத்துக்கு இரண்டு மூன்று வசனம் மேலே போனால், என் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று எச்சரிப்பு இருக்கிறது. அந்தக் கடிதத்திலிருந்தே ஒரு துண்டைக் கத்தரித்து, நம் ஆசைக்கு முத்திரை குத்தப் பயன்படுத்துகிறோம்.

"வேதத்திலேயே சீட்டுப் போட்டிருக்காங்களே டீச்சர்?" என்று என் பழைய மாணவன் ஒருவன், இப்போது வாலிபர் ஐக்கியத்தில் பொறுப்பில் இருப்பவன், போனில் கேட்டான். போட்டிருக்கிறார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தான் தெரிந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வருகிறார். அதற்கப்புறம் சபை சீட்டுப் போட்டு எதையாவது முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் காட்டு, நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன் என்றேன். பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய தகராறு வரும்போது கூடி உட்காருகிறார்கள், வாதாடுகிறார்கள், பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்கிறார்கள், யாக்கோபு வேதத்தை எடுத்துவைக்கிறார். அப்படி வந்த முடிவைத்தான் பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகத் தோன்றியது என்று எழுதி அனுப்புகிறார்கள். வாதாட்டத்தின் வழியாகவும் ஆவியானவர் பேசியிருக்கிறார். நம் வீடுகளில் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அது பிசாசு!

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் இருந்த மொராவியச் சபையார் பெரிய பக்திமான்கள், உலகமெல்லாம் மிஷனெரிகளை அனுப்பினவர்கள். தினம் ஒரு வசனத்தைச் சீட்டெடுத்து 1731 முதல் புத்தகமாக அச்சிடுகிறவர்கள். ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். அந்தக் கல்யாணச் சீட்டை அவர்களே பிறகு கைவிட்டார்கள். தின வசனத்தை இன்றைக்கும் வாசிக்கிறார்கள். தியானிக்க ஒரு வசனம் எடுப்பது வேறு, மாப்பிள்ளை எடுப்பது வேறு என்று அவர்களுக்கு விளங்கியது. புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. என் பெட்டியிலும் முப்பது அட்டை இருக்கிறது.

பிள்ளைக்கு எப்படி உதவுவது என்றால் எனக்குத் தெரிந்த நல்ல பாடம் 1 சாமுவேல் 3. ஓய்வுநாள் பாடசாலையில் நான் அதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன், எப்போதும் சாமுவேலை வைத்தே. ஓய்வு பெற்ற பிறகுதான் ஏலியைப் பார்த்தேன். சாமுவேல் பையன். அவனுக்கு அப்போது 12 வயது என்று யோசேபஸ் எழுதுகிறார், நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை. மூன்று தடவை ஏலியிடம் ஓடி வருகிறான். ஏலி ஆசாரியன், வயதானவர், அனுபவஸ்தர். "நீ படு, நான் கேட்டுச் சொல்லுகிறேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூப்பிட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்து, அவன் இடத்துக்கே திருப்பி அனுப்பினார். கூடவும் போகவில்லை. விடிந்த பிறகு, கேட்டதை ஒளிக்காமல் சொல்லு மகனே என்றார். வந்த செய்தியோ ஏலியின் சொந்த வீட்டுக்கு விரோதமான செய்தி. பையன் சொல்லப் பயந்தான். சொன்ன பிறகு ஏலி அவனை அடக்கவில்லை, அவர் கர்த்தர், அவருக்கு நலமானதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார்.

ஏலி தன் பிள்ளைகளை வளர்த்த லட்சணம் நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவர் செய்ததை நம்மில் எத்தனை பேர் செய்வோம்? நம் திட்டத்துக்கு விரோதமான பதிலோடு பிள்ளை எழுந்து வந்தால் நம்ப மனசு இருக்கிறதா? இல்லையென்றால் அவனை ஜெபிக்கச் சொல்வதே ஏமாற்று.

"பதினைந்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பீர்கள். இதே பையன் போன வருஷம்தான் திடப்படுத்தல் எடுத்தான். பேராயர் தலையில் கைவைத்தார், நீங்கள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். ஞானஸ்நானத்தில் தனக்காக மற்றவர்கள் சொன்ன வாக்கை இனி தன் வாயால் சொல்ல அவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சபை நடுவில் ஒத்துக்கொண்டோம். நித்திய ஜீவனைப் பற்றிச் சொந்தமாகப் பதில் சொல்லத் தெரிந்தவனுக்குப் பதினோராம் வகுப்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாதா?

டாக்டர் என்றதும் ஐடா ஸ்கடரைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். 1890-இல் திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்கு உதவச் சொல்லிக் கேட்டார்கள். அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மிஷனெரி ஆகவே கூடாது என்றிருந்த பெண், அதன் பிறகு போய்ப் படித்து 1899-இல் பட்டம் வாங்கி வேலூருக்கு வந்தார். தன் வாசலில் நின்ற தேவையைத் தன் கண்ணால் பார்த்ததில் அவருக்கு அழைப்பு வந்தது. நம் பையனை எதையாவது பார்க்கவிட்டோமா?

அவனையும் அவன் அப்பாவையும் உட்காரவைத்துக் கேட்டேன், பாலிடெக்னிக்கைப் பற்றி என்ன தெரியும் என்று. மூன்று வருஷ டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம் என்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. நீட்டுக்கு என்ன படிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் என்று மகனுக்குத் தெரியவில்லை. தேவசித்தம் தெரியாதது இருக்கட்டும், படிப்பு என்னவென்றே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். தகவலில் குறைவுள்ளவன் பஸ் ஏறிப் போய் விசாரிக்கட்டும்.

லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் ஒரு நாள் முழுக்க இருந்து வரச் சொல்லியிருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கும் இன்னொரு மாணவியிடமும் ஒரு நாள் பேசச் சொல்லியிருக்கிறேன். கண்ட பிறகு ஜெபம். அந்த ஜெபத்தில் முதலில் அப்பா பேச வேண்டும், தன் மனசில் உள்ளதை ஒளிக்காமல்: ஆண்டவரே, எனக்கு இவன் டாக்டராகணும், ஊரில் நாலு பேர் மதிக்கணும், அட்வான்ஸ் வேறு கட்டிவிட்டேன் என்று. அதை வாய்விட்டுச் சொன்னால்தான் பையனுக்கு எது அப்பா குரல், எது ஆண்டவர் குரல் என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். பிறகு அவன் தனியாக, தன் வார்த்தையில் ஜெபிக்கட்டும். இரண்டுமே நல்ல வழியாக இருந்து, ஒரு அடையாளமும் தெரியாமல் போனால்? விதவை தனக்கு இஷ்டமானவனைக் கல்யாணம் பண்ணலாம், கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் போதும் என்று பவுல் 1 கொரிந்தியர் 7-இல் விட்டுவிடுகிறார். கல்யாணத்துக்கே அவ்வளவு சுதந்திரம் என்றால் குரூப்புக்கு எவ்வளவு! தேர்ந்தெடுத்தது சரிவரவில்லை என்றால் மாற்றிக்கொண்டு வா, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். அந்த நர்ஸிங் பெண்ணிடம் இதை யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. மழை பெய்தால் காமர்ஸ், பெய்யாவிட்டால் சயின்ஸ் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்தவன் ஒருவன் எனக்கு மெசேஜ் அனுப்பினான். கிதியோன் தோலைப் போட்டது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு இல்லை. அது அவருக்கு முன்பே சொல்லியாயிற்று. பயந்துபோய்த்தான் மறுபடி மறுபடி கேட்டார். உனக்கும் பயமாக இருந்தால் பயம் என்று சொல்லு, அதற்கும் ஜெபிக்கலாம். மே மாத மழையை நம்பாதே.

பேரன் சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறான். அட்வான்ஸைத் திருப்பித் தருவார்களா என்று அப்பா பள்ளிக்கூடத்தில் கேட்கப் போகிறான். தரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திட்ட நினைக்கிறவர்கள் போனில் திட்டலாம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அப்போது மட்டும் வேண்டாம்.