செடி நட கூட்டம் வருது.. தண்ணி ஊத்த ஆள் எங்கே?

சென்னை:

மழை சீசன் வந்தால் போதும். மண்வெட்டி, மரக்கன்று, பேனர் சகிதம் ஒரு கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். குழி தோண்டுவார்கள், கன்றை நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அத்தோடு சரி. கத்திரி வெயிலில் போய் பார்த்தால் கூண்டு மட்டும் நிற்கும். உள்ளே டீ கப்பும் குப்பையும்தான் கிடக்கும்.

எல்லா ஊரிலும் இதே கதைதான். ஆனால் சென்னை கோட்டூர்புரத்தில் நடந்தது வேற.

அங்கே அடையாறு ஆற்றங்கரையில் பொதுப்பணித்துறை இடம் ஒன்று குப்பை மேடாக கிடந்தது. 2006-ம் ஆண்டு 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு அனுமதி வாங்கி, அதை மரப்பூங்காவாக மாற்றும் வேலையை தொடங்கியது. நம்ம ஊர் மண்ணுக்கு ஏற்ற மரங்களாக பார்த்து நட்டார்கள். முக்கியமான விஷயம், நட்டுவிட்டு யாரும் ஓடிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னார்வலர்கள் வந்து களை பிடுங்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். காய்ந்த இலையை கொளுத்தாமல் வேரடியிலேயே பரப்பினார்கள். ஈரம் காயாது, உரமும் ஆச்சு. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளை கொடுத்து சம்பளம் இல்லாமல் பார்த்த வேலை இது.

என்ன மரம் நடுகிறோம் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. 2016 டிசம்பர் 12-ந்தேதி வார்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று நட்ட வெளிநாட்டு மரங்கள் பல வேரோடு விழுந்தன. பல இடங்களில் மரத்தை சுற்றி சிமெண்டை பூசி வைத்திருந்தார்கள். வேர் எங்கே போய் பிடிக்கும்? விளம்பர பலகைக்கு அடிக்கும் ஆணி வேறு. தெரு மரங்களில் அந்த ஆணிகளை பிடுங்குவதும் இப்படிப்பட்ட குழுக்களின் வேலைதான்.

மரம் போனால் ஏசி ரூமில் இருப்பவருக்கு நஷ்டம் இல்லை. தள்ளுவண்டிக்காரர், செருப்பு தைப்பவர், ஆட்டோ ஸ்டாண்ட் டிரைவர், பஸ்சுக்கு நிற்கும் பெண்கள்.. இவர்களுக்குத்தான் அந்த நிழல் சோறு மாதிரி.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய பசுமை தமிழ்நாடு இயக்கத்துக்கு 33 சதவீத பசுமை பரப்பு என்பது இலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் விழா மேடையில் எத்தனை கன்று நட்டோம் என்றுதான் சொல்கிறார்கள். 3 வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உயிரோடு இருக்கிற கன்றுதானே கணக்கு?

கன்றை காப்பாற்ற பெரிய பணம் தேவையில்லை. தை மாதம் மழை ஓய்ந்த பிறகு அடுத்த மழை வரைக்கும் தண்ணீர் போகவேண்டும், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வராத தெருவில் காய்கறி, அரிசி கழுவிய தண்ணீர் போதும். எந்த வீட்டு வாசல் கன்றுக்கு யார் ஊற்றுவது என்பதை நடும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.