பாட்டன் பெயர் எந்தப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது?

ஜமீன்தார் வீட்டில் ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதி வைத்திருப்பார்கள். ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுக்கும் தொழிலாளியிடம் கொள்ளுப்பாட்டன் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் பாட்டனோடு கணக்கு நின்றுவிடும். ஏழைக்குச் சரித்திரமே இல்லையா? உண்டு. அது எழுதப்பட்டும் இருக்கிறது. ஆனால் எழுதியவன் எஜமான். பூட்டி வைத்தவனும் அவனே.

1860 நவம்பர் 16ந் தேதி, சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள தழும்பு எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் பேரேட்டில் எழுதினான். ஏன்? கூலி ஓடிப்போனால் பிடித்து வரத்தான்! இன்று அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் அதே பேரேட்டைப் பார்த்துத் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கடல் கடந்தவர் கதை இது. ஊரிலேயே தங்கி, பண்ணையில் உழைத்தவர் கதை என்ன?

செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 முதல் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் கடனாலும் மிரட்டலாலும் நிலம் கைமாறியது. 1994ல் அந்த நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள்.

இன்று நிலம் கேட்டுப் போனால், “உன் பாட்டனுக்குக் கொடுத்த நிலம் என்பதற்கு ஆதாரம் என்ன?” என்கிறார்கள். ஆதாரம் யாரிடம் இருக்கிறது? சர்க்காரின் பழைய ‘அ’ பதிவேட்டில்! 1911ல் சித்தூர் பிரிந்தது. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019ல் வேலூர் ஜில்லா மூன்றாகியது. “அந்த ஆபீசுக்குப் போ, இந்த ஆபீசுக்குப் போ” என்று அலைய விடுவதற்கு இது நல்ல சாக்கு. ஒருநாள் அலைந்தால் ஒருநாள் கூலி போச்சு!

2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நம் கையிலுள்ள ஆயுதம். பத்து ரூபாய்க் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். 20 ஆண்டுக்கு முந்திய விஷயத்தைத் தனிநபர் தகவல் என்று சொல்லி மறைக்க முடியாது.

ஆனால் தனி ஆளின் மனுவை மேஜைக்கடியில் தள்ளுவது சுலபம். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் சேரிதோறும் முதியவர்களிடம் பாட்டன், பூட்டன் பெயர்களையும் நிலத்தின் அடையாளத்தையும் கேட்டு எழுதட்டும். ஊராகச் சேர்ந்து மனுப் போடட்டும். டேனரித் தோழர்களும் தங்கள் சொந்தக் கிராமத்துக்காக இதில் இறங்க வேண்டும்.

பஞ்சமி நிலச் சர்வே நம்பர்களைக் கிராமம்தோறும் பகிரங்கமாக ஒட்டு! எந்த ரிக்கார்டு எந்த ஆபீசில் என்று பட்டியல் வெளியிடு! நகலை இலவசமாகக் கொடு! இவையே நம் கோரிக்கைகள்.

வம்சப் பெருமை பேச நாம் பாட்டன் பெயரைத் தேடவில்லை. அவன் உழுத மண்ணை மீட்கத் தேடுகிறோம்!